ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகள் (பிளாஸ்மாவில் அகலமாதல்)

பிளாஸ்மாவில் ஒளிரும் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் கூர்மை இழந்து பரவி நிற்கும். அடர்ந்த பிளாஸ்மாவில் இதற்கு முதன்மைக் காரணம், யோகன்னஸ் ஸ்டார்க் 1913இல் கண்டறிந்த விளைவு: மின்புலம் அணுவின் ஆற்றல் நிலைகளைப் பிளக்கிறது. பெரும்பாலான தனிமங்களில் இப்பிளவு புலத்தின் இருமடிக்கேற்பவே வளரும்; ஹைட்ரஜனிலோ நேர்விகிதத்தில் வளர்வதால் சிறு புலமும் தடம் பதிக்கும். அருகிலுள்ள அயனிகளின் புலம் அணுவுக்கு அணு வேறுபடுகிறது; எலெக்ட்ரான்களின் மோதல்களும் சேர்ந்துகொள்ள, கோடு விரிகிறது.

அளவீட்டுக்கு மிகவும் உகந்தது 486.1 நானோமீட்டரில் அமைந்த எச்-பீட்டா என்னும் ஹைட்ரஜன் கோடு. கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ எலெக்ட்ரான்கள் இருந்தால், பாதி உயரத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 4.8 நானோமீட்டர். 10,000 கெல்வினில் டாப்ளர் விளைவு தரும் அகலம் இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இக்கோட்டின் அகலம் எலெக்ட்ரான் அடர்த்திக்கு நம்பகமான அளவுகோல்.

அயனிப் புலங்களின் நிகழ்தகவுப் பரவலை இயற்பியலாளர் ஹோல்ட்ஸ்மார்க் 1919இல் வகுத்தார். சென்னை மாநிலக் கல்லூரியின் முன்னாள் மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர், கணிதவியலாளர் வான் நியூமனுடன் சேர்ந்து 1940களின் தொடக்கத்தில் அதே பரவலை விண்மீன்களின் ஈர்ப்புப் புலத்துக்குப் பொருத்தினார். இரண்டு விசைகளுமே தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் இது இயன்றது. இத்துறையின் மிக அழகிய கணிதப் பொருத்தம் இதுவே. சந்திரசேகர் நிறை வரம்பு கண்ட வெண்குறு விண்மீன்களில், சீரியஸ் பி உட்பட, ஹைட்ரஜன் கோடுகள் ஸ்டார்க் விளைவால் மிக அகன்றே காணப்படுகின்றன.