கிளிஞ்சல் கணக்கு

மணப்பட்டுக் கடற்கரையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமி கிளிஞ்சல்களைப் பொறுக்கி மணலில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அலை வந்தது, வரிசை போயிற்று. அவள் சிரித்தாள். எனக்கோ வேறொரு கிளிஞ்சல் வரிசை நினைவுக்கு வந்தது.

வடக்கே புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் இருந்தார். சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன் அவரைக் கண்டு, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். 1825 மே 31-ஆம் தேதி இரவு நேர்ந்த கிரகணம் அது. வாய்ப்பாடுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். எண்களை எழுத்துக்களாக மாற்றிச் சொற்களாய்க் கோத்து வைத்திருந்தார்கள். அவற்றைச் சொல்லிக்கொண்டே தரையில் கிளிஞ்சல்களை வைத்தார், எடுத்தார். விடை வந்துவிட்டது! கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52 நிமிஷம். பிசகு அவ்வளவுதான்.

மனப்பாடமான அந்த எண்களை இன்று தரவு என்கிறோம். கிளிஞ்சலை நகர்த்தும் முறையை மென்பொருள் என்கிறோம். இரண்டும் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தன. அவர் கண் மூடினால்?

நல்லவேளை, வாரன் அந்த முறையைத் தம்முடைய 'கால சங்கலித' என்ற நூலில் எழுதி, 1825-இல் சென்னையில் அச்சிட்டார். 127 ஆண்டுகளுக்குப் பின், 1952-இல், ஆட்டோ நியூகபவர் என்ற கணித சரித்திர ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, தமிழர் கணக்குக்கும் பண்டைய பாபிலோனியர் கணக்குக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதினார். வழிமுறை அச்சில் இல்லையென்றால் அவர் எதை ஆராய்ந்திருப்பார்?

பாகூர் வழியாகத் திரும்பினேன். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களைத் தானம் செய்த செய்தி செப்பேட்டில் நிலைத்துவிட்டது. ஆசிரியர்கள் அங்கே போட்ட கணக்குகளுக்கோ செப்பேடு கிடைக்கவில்லை. நிலத்துக்குக் கொடுத்த பத்திரத்தை நாம் அறிவுக்குக் கொடுக்கவில்லை!

இன்று நிலைமை மாறி வருகிறது. கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களைக் கணினியில் ஏற்றி, உலகத்தார் யாவருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆயினும், முடிவை மட்டும் வெளியிட்டுவிட்டுத் தரவையும் செய்முறையையும் பூட்டி வைக்கும் விஞ்ஞானிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய விடை சரியா என்று மற்றவர் எப்படிச் சோதிப்பது?

அலை யாருக்காகவும் காத்திருப்பதில்லை, வாசகர்களே. வரிசை கலைவதற்கு முன்னே அதை எழுதி வைத்து, நாலு பேருக்குக் கொடுத்துவிட வேண்டும்.