ஒயில் கலக்கலாமா? ஒரு பயத்தின் வரலாறு

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. மாத்தளையில் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசை. எங்களில் ஒருவரின் மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் எஞ்சின் ஒயில் குறைந்துகொண்டே வந்தது. வழக்கமாக ஊற்றும் வகை எந்தக் கடையிலும் இல்லை. கிடைத்த வேறு வகையை ஊற்றலாமா என்று கராஜில் கேட்டார். "வேணாம் தம்பி, ரெண்டையும் கலந்தா எஞ்சின் போயிரும்" என்றார் பாஸ். மாமாவும் கலக்கவில்லை. பழைய ஒயில் வரட்டும் என்று காத்திருந்து ஓட்டினார். ரத்தோட்டைப் பக்கம் ஏற்றத்தில் ஒருநாள் சிவப்பு லைட் எரிந்தது, வேன் நின்றது. ஒயில் போதாமல் எஞ்சின் இறுகிப் போயிருந்தது. அதைத் திருத்த அடகு வைத்த நகை இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

பாஸைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் தனக்குச் சொல்லித் தந்ததைத்தான் சொன்னார். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். அது பொய்யாகப் பிறந்த பேச்சு இல்லை.

தொடக்கத்தில் இருந்தது நம்ம அப்பாயி வயிறு கழுவக் கொடுத்த விளக்கெண்ணெய். முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றின் சுழல் எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள், ஏனென்றால் அது பெற்றோலில் எளிதில் கரையாது. காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் விளக்கெண்ணெய் நிலத்தடி எண்ணெயிலிருந்து எடுத்த ஒயிலோடும் சரியாகச் சேராது. அந்தக் காலத்தில் "கலக்காதே" என்றது நியாயமான எச்சரிக்கை.

இரண்டாவது காரணம் 1940களை ஒட்டி வந்தது. எஞ்சினுக்குள் படியும் கசடைக் கழுவும் மருந்து சேர்த்த ஒயில்கள் அப்போது பரவின. வருஷக்கணக்கில் பழைய ஒயிலில் ஓடிய எஞ்சினில் அதை ஊற்றினால், படிந்த கசடு பெயர்ந்து ஒயில் போகும் வழியை அடைத்துவிடும். அப்படி எஞ்சினை இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "கலந்தேன், போச்சு" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இலங்கையின் கதை கொஞ்சம் வேறு. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ என்ற மூன்று கம்பனிகள்தான் இங்கே எண்ணெய் வணிகத்தை வைத்திருந்தன. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குச் சட்டம் போட்டது, 1962இல் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியை எடுத்தது. நட்டஈட்டுத் தகராறில் அமெரிக்கா 1963 பெப்ரவரியில் உதவியை நிறுத்தியது. அரசு பின்வாங்கவில்லை. 1964இல் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. எஞ்சின் ஒயில் வணிகமும் பிறகு அதன் கையில்தான் இருந்தது. 1994இல் அந்த ஒயில் கம்பனியின் 51 வீதத்தை வாங்கியது யார் தெரியுமா? அதே கால்டெக்ஸ். முன்வாசலால் அனுப்பிய விருந்தாளி, முப்பது வருஷம் கழித்துப் பங்குதாரராகத் திரும்பி வந்தார். பிறகு மற்றக் கம்பனிகளும் வந்தன. இன்று திருகோணமலை வீதிக் கடையொன்றில் நின்றால் பத்து நிறத்தில் போத்தல்கள் தெரியும்.

ஒரே கை விற்ற காலத்தில் கலக்கும் கேள்வி அதிகம் எழுந்திருக்காது. பழைய பயம் பரிசோதிக்கப்படாமலேயே குருவிடமிருந்து சீடனுக்குப் போனது என்பது எங்கள் ஊகம்.

இப்போதைய நிலை என்ன? ஏபிஐ தரக்குறி உள்ள எஞ்சின் ஒயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது விதி. சாதாரண ஒயிலும் சிந்தெட்டிக்கும் கலந்தால் தயிர்போலத் திரளாது. விலை கூடியதன் நன்மை குறையும், தடிப்பு நடுவில் வந்து நிற்கும், அவ்வளவுதான். அவசரத்துக்குத் தரமும் தடிப்பும் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒயிலை ஊற்றி மட்டத்தைச் சரிபண்ணலாம். வாய்ப்புக் கிடைத்ததும் முழுசாக மாற்றிவிடலாம். கியர் ஒயில், பிரேக் ஒயில், டூஸ்ட்ரோக் ஒயில் வேறு சாதி, அவற்றை எஞ்சினுக்குள் ஊற்றவே கூடாது. வகை மாறிய ஒயிலைவிட ஒயில் இல்லாமல் ஓடுவதுதான் எஞ்சினைக் கொல்லும்.

போத்தலில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். அந்த 'டபிள்யூ' பனிக்காலத்தைக் குறிக்கிறது. பனியே விழாத தம்புள்ளை வெயிலில் லொறி ஓட்டுகிறவருக்கு அதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை. எங்களுக்கு வந்ததெல்லாம் இப்படித்தான்: விதி வந்து சேரும், காரணம் வழியில் நின்றுவிடும். மாமா கொடுத்தது அந்தக் காரணத்தின் விலை.

உங்கள் ஊர்ப் பழைய சாரதிகளிடமும் கராஜ் பாஸ்மாரிடமும் கேட்டுப் பாருங்கள். "ஏன்?" என்று மரியாதையாகக் கேட்டால் பலர் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதியும் வையுங்கள். எங்கள் மாவட்டத்தின் வரலாற்றில் 1848 கிளர்ச்சிக்கு இடம் இருக்கிறது, கிரீஸ் படிந்த கைகளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.