கார் டிங்கரிங், பெயிண்டிங்: காரைக்குடியில் லோக்கல் பட்டறையில் விடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசலில் நிறுத்திய காரை யாரோ உரசிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவில் ஒடுக்கு, நீளமாக ஒரு கீறல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் செலவு கூடுதலாகத் தெரிகிறது. சில பிராண்டுகளுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டியைக் கொண்டுபோக வேண்டும். பக்கத்துப் பட்டறையில் கேட்டால், "ரெண்டு நாள்ல முடிச்சுத் தரேண்ணே" என்கிறார்கள். எங்கே விடுவது?

டெலிவரி எடுக்கும் அன்று எல்லாப் பட்டறை வண்டியும் பளபளவென்றுதான் இருக்கும். வேலையின் தரம் தெரிவது ஒரு மழைக்காலம் கழிந்த பிறகுதான். அதனால் பெயிண்டைப் பார்த்து பட்டறையைத் தேர்வு செய்யாமல், பெயிண்டுக்குக் கீழே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சரியான வழி.

பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

தொழிற்சாலையில் காரின் பாடி முழுவதையும் ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். துருவைத் தடுப்பதில் முக்கியமான பூச்சு இதுதான். அதன் மேல் பிரைமர், கலர், கடைசியாக கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான்.

ஒடுக்கு எடுக்க கிரைண்டர் வைத்து பழைய பெயிண்டை உரித்ததும், அந்த மின்பூச்சும் போய்விடுகிறது. எந்தப் பட்டறையிலும் அதைத் திரும்பப் போட முடியாது. பதிலுக்கு வெறும் தகரத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் போன்ற துரு தடுப்புப் பூச்சு போட வேண்டும். அதை விட்டுவிட்டு நேராக பட்டி போட்டு மேலே கலர் அடித்தால், ஈரம் உள்ளே இறங்கி தகரம் துருப்பிடிக்கும். சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும்.

துரு சின்ன விஷயமல்ல என்பது காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறக்கப்பட்ட, ஊரில் 'சிக்ரி' என்று அழைக்கப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்றே உலோக அரிப்புதான்.

பட்டறையில் நேரில் பார்க்க வேண்டியவை

• ஒடுக்கை எப்படி எடுக்கிறார்கள்? தகரத்தை முடிந்தவரை பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்த பிறகு, மெல்லிய சமன்பாட்டுக்கு மட்டுமே பட்டி. பள்ளத்தையே பட்டியால் நிரப்புகிற இடம் வேண்டாம்.

• பெயிண்ட் அடிக்க மூடிய அறை இருக்கிறதா? சூடேற்றும் பூத் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் தூசி வராத தனி அறையாவது வேண்டும். கிரைண்டர் ஓடும் இடத்திலேயே ஸ்பிரே அடித்தால் தூசி பெயிண்டில் ஒட்டும்.

• கண்ணாடி, ரப்பர் பீடிங், கைப்பிடியைக் கழற்றுகிறார்களா, பேப்பர் ஒட்டி அப்படியே அடிக்கிறார்களா? அப்படி அடித்த இடத்தில் ஓரத்திலிருந்து பெயிண்ட் உரியத் தொடங்கும்.

• ஸ்பிரே அடிப்பவர் முகக் கவசம் அணிந்திருக்கிறாரா? ஹார்டனர் கலந்த பெயிண்டின் புகை நுரையீரலைப் பாதிக்கும். தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்கிற முதலாளி, வேலையையும் கவனிக்க வாய்ப்பு அதிகம்.

முடிந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் முன்பு அங்கே வேலை பார்த்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று முடித்த வண்டியைப் பார்த்துப் பயனில்லை.

கலர் ஒத்துப்போகுமா?

"வெள்ளைதானே" என்று விட்டுவிட முடியாது. வெள்ளையிலேயே பல ஷேட் உண்டு. ஒவ்வொரு காரிலும் கலர் கோடு இருக்கும். பெரும்பாலும் கதவுத் தூணிலோ போனட்டுக்குள்ளோ ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். அந்தக் கோடுபடி கலந்து, வெயிலில் பழகிய உங்கள் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். மெட்டாலிக், பேர்ல் கலர் என்றால் பக்கத்துப் பேனல் வரை கலரை மெல்ல இழுத்துக் கலக்கத் தெரிந்தவர் வேண்டும்.

விலை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. சீக்கிரம் காயும் என்.சி. பெயிண்ட் மலிவு, ஆனால் வெளுக்கும். ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்டும் கிளியர் கோட்டும் விலை கூடுதல், ஆனால் நிற்கும். எது போடப்போகிறார்கள் என்று கேட்டு எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள்.

எந்த வேலைக்கு லோக்கல் பட்டறை போதாது?

கீறல், கதவு ஒடுக்கு, பம்பர் உரசல் எல்லாம் நல்ல பட்டறையில் தாராளமாகப் பார்க்கலாம். பெயிண்ட் உரியாத சின்ன ஒடுக்கு என்றால், பெயிண்ட் அடிக்காமலே உள்ளிருந்து தள்ளி எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் சேஸிஸ், கதவுத் தூண் வளைந்திருந்தாலோ, ஏர்பேக் வெடித்திருந்தாலோ, அது உயிர் சம்பந்தப்பட்டது. அளவெடுத்து நிமிர்த்தும் இயந்திரமும் சென்சார் சோதனை வசதியும் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். வாரண்டியில் இருக்கும் புது வண்டி என்றால், வெளியே வேலை பார்த்தால் அந்தப் பாகத்தின் பெயிண்ட், துரு வாரண்டி என்னவாகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிப் பட்டறைகளுக்கு ஒரிஜினல் உதிரிபாகம் கிடைப்பது நீண்ட காலப் பிரச்சினை. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மாற்றுவது ஒரிஜினல் பாகமா, டூப்ளிகேட்டா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா?

முதல் விதி: இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. பிரித்துவிட்டால் சேதத்தை நிரூபிப்பது கஷ்டம், கிளெய்ம் சிக்கலாகும். நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத பட்டறை என்றால், முதலில் நீங்கள் பணம் கட்டி பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

சின்ன வேலைக்கு கிளெய்ம் போடுவது நஷ்டமாகவும் முடியலாம். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு, ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கிறது. ஒரு கிளெய்ம் போட்டால் அது போய்விடும்.

சாதாரண பாலிசியில் பெயிண்ட் பொருள் செலவில் பாதியைக் கழிப்பார்கள். பிளாஸ்டிக் பம்பருக்கும் பாதிதான். 1,500 சிசி வரையுள்ள கார் என்றால் ஒவ்வொரு கிளெய்முக்கும் பொதுவாக 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டிப்ரிசியேஷன் எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இருக்காது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

"பில் வேண்டாம்ணே, குறைச்சு வாங்கிக்கிறேன்"

இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பில் இல்லையென்றால், பின்னால் பெயிண்ட் உரிந்தால் கேட்க ஆதாரம் இருக்காது. ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத பட்டறை ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார் கட்டணம் கிடையாது.

டெலிவரி எடுக்கும்போது...

இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டியை எடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் பல கோணங்களில் பாருங்கள். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா? லைட், சென்சார், கண்ணாடி ஏற்றி இறக்குவது வேலை செய்கிறதா? சில வாரங்களுக்கு வேக்ஸ் பாலீஷ் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் அவசரமில்லாத பெயிண்ட் வேலையைத் தள்ளிப்போடலாம். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பெயிண்ட் மங்கிப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை விடும்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "பட்டி போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை கூப்பிடுங்க, வந்து பார்க்கிறேன்." நல்ல பட்டறைக்காரர் தயங்காமல் கூப்பிடுவார். வரவே வேண்டாம் என்று சொன்னால், வேறு பட்டறை பார்ப்பது நல்லது.