இறகு எடைத் தையல் இயந்திரம்

சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்ற 1933ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிங்கர் நிறுவனம் 221 என்னும் எண்ணுடைய சிறிய மின் தையல் இயந்திரத்தை அறிமுகம் செய்தது. அதுவரை வீடுகளில் இருந்த வார்ப்பிரும்பு இயந்திரங்களை இடம் மாற்றுவதே பெரும்பாடு. இதன் உடலோ அலுமினியம். எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. இடப்புறத் தட்டை மேல்நோக்கி மடக்கினால் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ‘இறகு எடை’ எனப் பொருள்படும் ஃபெதர்வெயிட் என்னும் பெயர் அதற்கு நன்றாகவே பொருந்தியது.

இரண்டாம் உலகப் போரில் ஆலை போர்த் தளவாடங்களுக்குத் திரும்பவே, உற்பத்தி தடைபட்டது. பின்னர் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையிலும் இதனைச் செய்தனர். வளைந்து நெளிந்து தைக்கும் புதிய இயந்திரங்கள் சந்தையைப் பிடித்த 1960களின் இறுதியோடு இதன் காலம் முடிந்தது.

முடிந்தது என்பது ஆலைக்கு மட்டுமே. நேர்த்தையல் ஒன்றைத் தவிர வேறெதுவும் இதற்குத் தெரியாது. துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்போருக்கு வேண்டியதும் அதுவே. ஆகவே இன்றும் தேடி வாங்குகின்றனர்; அடியில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு அதன் வயதையும் கணிக்கின்றனர். ஒரு திருப்புளியும் சில துளி எண்ணெயும் இருந்தால் வழக்கமான பராமரிப்பை உரியவரே செய்துகொள்ளலாம்.

சிலர் வாங்கி அலமாரியில் அழகுக்கு வைத்துவிடுகின்றனர். இது எமக்கு உடன்பாடன்று. நெடுநாள் ஓடாமல் கிடந்தால் பற்சக்கரங்களில் பூசிய மசகு இறுகிவிடும்.