தொங்கு பயிற்சிக் கருவிகள்

மேலே ஓரிடத்தில் கட்டித் தொங்கவிட்ட கயிறு, பட்டை, வளையம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு, சொந்த உடல் எடையையே சுமையாக வைத்துப் பயிற்சி செய்ய உதவுபவை தொங்கு பயிற்சிக் கருவிகள். ஜிம்னாஸ்டிக் வளையங்கள், கயிற்று மல்லர் கம்பம், மலையேறிகளின் தொங்கு ஏணி, டி.ஆர்.எக்ஸ். என்ற பெயரில் விற்பனைக்கு வந்த நைலான் பட்டை எல்லாம் இதில் அடங்கும். இன்று கடைச் சரக்காகக் கிடைக்கும் இவற்றில் பல, கையில் இருந்ததை வைத்து யாரோ அவசரத்துக்குக் கட்டிக்கொண்டவையாகத்தான் தொடங்கின. வீட்டில் கட்டுவதைக் கடைப்பொருளின் மலிவு நகல் என்று நினைப்பது இந்த வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

பிரம்பும் கயிறும்

இந்தியாவில் இதற்குத் தனி மரபு உண்டு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம், மல்லர்கள் கம்பத்தில் செய்த பயிற்சியைக் குறிப்பிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் உடற்பயிற்சி ஆசான் பாலம்பட்ட தாதா தேவதர் அதற்கு மராட்டிய மண்ணில் மறுவாழ்வு கொடுத்தார். தரையில் நட்ட மரக்கம்பம்தான் முதன்மை வடிவம். அதோடு, மேலிருந்து தொங்கும் பிரம்பில் செய்யும் வகையும் இருந்தது. நல்ல பிரம்பு கிடைப்பது அரிதாகிப் போக, அந்த இடத்தைப் பருத்திக் கயிறு பிடித்துக்கொண்டது. பிரம்புக்கு மாற்றாக வந்த கயிறே பின்னால் தனிப் போட்டிப் பிரிவாகி, பெண்கள் அதிகம் ஆடும் வகையாகவும் ஆனது.

கயிறு சுமார் ஐந்தரை மீட்டர் நீளம். நடுவில் முடிச்சு எதுவும் கிடையாது. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றை இடுக்கிக்கொண்டு ஏறி, தொடையிலும் இடுப்பிலும் அதைச் சுற்றிப் பூட்டி, கையை விட்டுவிட்டு ஆசன நிலையில் நிற்க வேண்டும். உடம்பைத் தாங்குவது முடிச்சல்ல, தோலுக்கும் கயிற்றுக்கும் இடையிலான உராய்வு. புதிதாக வருபவர்களின் தொடையில் கயிற்றுத் தடம் சிவந்து கிடக்கும். தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றால் விழுப்புரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் வரும் கருவிகளிலேயே செலவு குறைந்தது இதுதான், ஆசான் இல்லாமல் கற்கவே முடியாததும் இதுதான்.

கூரைக்கு அடியில் வந்த வளையங்கள்

ஐரோப்பாவில் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1811இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற இடத்தில் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் திறந்தவெளிப் பயிற்சித் திடல் அமைத்தார். அங்கே மரச்சட்டங்கள், ஏறுகயிறுகள், ஏணிகள் எல்லாம் இருந்தன. யானின் கூட்டத்தில் உடற்பயிற்சியோடு தேசிய அரசியலும் கலந்திருந்ததால் பிரஷ்ய அரசு 1820இல் அதற்குத் தடை போட்டது. தடை நீங்க 1842 வரை ஆனது. அந்தக் காலத்தில் பயிற்சி, திடலை விட்டுக் கூடங்களுக்குள் ஒதுங்கியது. கூடம் என்றால் தலைக்கு மேல் உத்தரம் உண்டு. உத்தரம் இருந்தால் அதில் எதையாவது தொங்கவிடலாம். கயிற்றின் நுனியில் பிடி வைத்துத் தொங்கவிடும் வளையக் கருவியை 1842 அளவில் உருவாக்கிய பெருமை அடோல்ஃப் ஸ்பீஸ் என்ற ஆசிரியரைச் சேரும். தொடக்கத்தில் வட்ட வளையங்களோடு முக்கோணப் பிடிகளும் புழங்கின.

அப்போது வளையம் ஆடுவதற்கானது. ஊசலாடிக்கொண்டே வித்தை காட்டுவார்கள். அதே ஊசலாட்டத்தை சர்க்கஸுக்குக் கொண்டுபோனவர் பிரெஞ்சுக்காரர் ஜூல் லியோதார். துலூஸ் நகரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய தந்தையின் நீச்சல் குளத்துக்கு மேலே கம்பும் கயிறும் கட்டிப் பழகியவர் என்பார்கள். கை தவறினால் தண்ணீர். 1859 நவம்பர் 12 அன்று பாரிஸில் பறக்கும் டிரப்பீஸை முதன்முதலாக மேடையேற்றினார். அவர் அணிந்த இறுக்கமான உடைக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே வளையப் போட்டி இருந்தது; கிரேக்கரான இயோவானிஸ் மித்ரோபுலோஸ் தங்கம் வென்றார். காலப்போக்கில் ஆடும் வளையம் போட்டியிலிருந்து விலகி, அசையாத வளையம் நிலைபெற்றது. இன்றைய விதியில் வளையம் ஊசலாடினால் புள்ளி குறையும். வலிமை நிலைகளில் குறைந்தது 2 விநாடி உறைந்து நிற்க வேண்டும். அளவுகளும் இறுகிவிட்டன: வளையத்தின் உள்விட்டம் 18 செ.மீ., தடிமன் 28 மி.மீ., இரண்டு வளையங்களுக்கும் இடையே 50 செ.மீ., தரையிலிருந்து உயரம் 2.8 மீட்டர். 1956இலும் 1960இலும் வளையத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற சோவியத் ஆர்மீனியர் ஆல்பர்ட் அசாரியான், கைகளைச் சிலுவை போல் விரித்து நிற்கும் நிலையைத் தன் முத்திரையாக்கினார். தொங்கவிட்ட வளையத்தில் தோள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இன்றும் அதுதான் உரைகல்.

மருத்துவமனையும் மலையும்

வளையம் விளையாட்டாக இறுகியபோது, தொங்கவிடும் உத்தி வேறு இரண்டு இடங்களில் புதிதாக முளைத்தது.

ஒன்று மருத்துவமனை. பிரிட்டனில் ஆலிவ் கத்ரி ஸ்மித் என்ற இயன்முறை மருத்துவர், கட்டிலுக்கு மேலே சட்டம் அமைத்து, அதிலிருந்து துணித் தொட்டில்களில் நோயாளியின் கையையோ காலையோ தொங்கவிட்டார். உறுப்பின் எடையைச் சட்டம் தாங்கிக்கொள்வதால், தூக்கவே வலு இல்லாத தசைகூட அசையத் தொடங்கும். 1943இல் இந்த முறைகளை நூலாக எழுதினார். 1990களில் நார்வேயில் இதன் வழிவந்த கருவிகள் முதுகுவலிச் சிகிச்சைக்கும் பிறகு விளையாட்டு வீரர்களுக்கும் போயின. வளையத்தில் உடம்பே முழுச் சுமை. இங்கே தொங்கவிடுவதன் நோக்கமே சுமையைக் குறைப்பது.

இன்னொன்று கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு. 1970களில் அங்கே கேம்ப் 4 என்ற முகாமில் காசில்லாமல் கூடாரமடித்துக் கிடந்த பாறையேறிகள் மரங்களுக்கு நடுவே தாங்களே ஒரு பயிற்சிக்கூடம் கட்டிக்கொண்டார்கள். அதில் புகழ்பெற்றது ஜான் பச்சரின் ஏணி: இரண்டு கயிறு, நடுவே குழாய்த் துண்டுகளால் படிகள், சாய்வாக இழுத்துக் கட்டியது. அடிப்பக்கமாகத் தொங்கியபடி, காலை உதவிக்கு வைக்காமல், கை மாற்றிக் கை மாற்றி ஏறி அப்படியே இறங்க வேண்டும். உலகெங்கும் ஏறுவோர் அதைப் பார்த்துக் கட்டினார்கள். பலருக்கு முழங்கைத் தசைநாண் கெட்டது. ஏறுவதைவிட, ஒற்றைக் கையில் சட்டென்று எடை விழும் இறக்கம்தான் அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்து, ஏணி மெல்ல வழக்கொழிந்தது.

ஒரு பெல்ட், ஒரு கதவு

இன்று உலகம் முழுக்க ஜிம்களில் தொங்கும் கறுப்பு மஞ்சள் பட்டையின் கதை 1997இல் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவைச் சேர்ந்த ராண்டி ஹெட்ரிக் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு கிடங்கில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கப்பல் பக்கவாட்டில் ஏணி பிடித்து ஏறும் வேலைக்கு இழுப்புத் தசைகள் தேய்ந்துவிடக் கூடாது. பயிற்சிக்கோ எதுவும் இல்லை. மூட்டையில் தவறுதலாக வந்திருந்த ஜியு-ஜிட்சு பெல்ட்டின் நுனியில் முடிச்சுப் போட்டு, கதவின் மேல்விளிம்பில் செருகிச் சாத்திவிட்டு, பின்னால் சாய்ந்து இழுத்துப் பார்த்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு பாராசூட் பட்டையைப் படகு பழுதுபார்க்கும் கருவிகளால் தைத்து அதைச் செம்மைப்படுத்தினார். ராணுவத்தை விட்டதும் ஸ்டான்ஃபோர்டில் வணிகம் படித்து, 2000களின் நடுவில் டி.ஆர்.எக்ஸ். பட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

இதில் அவர் புதிதாகச் செய்தது என்ன? மேலே ஒரே மாட்டுமிடம், அதிலிருந்து இரண்டு கைப்பிடிகள், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிள், குதிகாலை நுழைக்கக் கீழே ஒரு சுருக்கு. வளையத்துக்கு உயரமான கூரை தேவை. இதற்கு ஒரு கதவு போதும். உடம்பு முழுக்கத் தொங்காமல் கால் தரையில் ஊன்றியிருப்பதால், ஒரு புல்அப்கூட எடுக்க முடியாதவரும் முதல் நாளே பயிற்சி செய்யலாம். விற்றது அந்தச் சலுகைதான். காப்புரிமையை நிறுவனம் விடாப்பிடியாகக் காத்தது: வோஸ் என்ற போட்டி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2017இல் நடுவர் குழு 68 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. 2022இல் டி.ஆர்.எக்ஸ். நிறுவனமே திவால் மனு போட, ஹெட்ரிக் கூட்டாளியோடு சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்.

வீட்டுக் கட்டுமானம்

பட்டை பெயர்பெற்றதும், அதன் விலை பார்த்து மலைத்தவர்கள் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். வளையங்களைக் கிராஸ்ஃபிட் என்ற பயிற்சிமுறை மீண்டும் பரவலாக்கியபோது அதற்கும் வீட்டு வடிவங்கள் வந்தன. 2020இல் ஜிம்கள் மூடிக்கிடந்த மாதங்கள் இந்த வழக்கத்தை இன்னும் பரப்பின.

வளையத்துக்கு பி.வி.சி. பைப் போதும். 18 செ.மீ. உள்விட்டத்துக்குச் சுமார் 65 செ.மீ. துண்டு வேண்டும். உள்ளே மணலை இறுக்கி நிரப்பி இரு முனையையும் அடைத்துவிட்டால், சூடாக்கி வளைக்கும்போது பைப் நசுங்காது. 80 டிகிரியைத் தாண்டினால் குழைந்துவிடும். நெருப்பில் நேரடியாகக் காட்டினால் கருகி நச்சுப்புகை வரும். குழைந்ததைச் சரியான அளவுள்ள டப்பாவைச் சுற்றி வளைத்து, ஆறியபின் மணலைக் கொட்டி, இணைப்புக்குள் மரத்துண்டைச் செருகி ஒட்டுவார்கள். மேலே துணி டேப். ஒட்டுப்பலகையை அடுக்கி ஒட்டி அறுத்து இழைத்தால் வேலை அதிகம், ஆனால் வியர்வையில் வழுக்காது. பட்டைக்கு, லாரியில் சரக்குக் கட்டும் கேம் பக்கிள் பெல்ட்டே தைத்து முடித்த நிலையில் கிடைக்கிறது. கைப்பிடிக்கு அரையடி பைப்புக்குள் பட்டையை நுழைத்தால் ஆயிற்று.

ஆனால் இந்தக் கருவிகளில் ஆளைக் கீழே போடுவது பெரும்பாலும் மாட்டுமிடம்தான். கதவில் மாட்டினால், இழுக்க இழுக்கக் கதவு சட்டத்தில் போய் அழுந்தும் பக்கம் நிற்க வேண்டும்; மறுபக்கம் நின்றால் தாழ்ப்பாள் ஒன்றுதான் காப்பு. மின்விசிறிக் கொக்கி சில கிலோ எடையுள்ள விசிறிக்கானது, துள்ளும் ஆளுக்கானதல்ல. பழைய வீடுகளில் ஊஞ்சல் மாட்டிய இரும்புக் கொக்கி இருந்தால் அதுதான் பாக்கியம். இரண்டு மூன்று பேர் ஆடும் எடைக்காகவே உத்தரத்தில் இறக்கியது. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றை விறைப்பாகக் கட்டி அதன் நடுவில் தொங்குவது பலரும் செய்வது, மோசமானதும் அதுவே. கயிறு பத்து டிகிரி மட்டும் தொய்ந்தால், 70 கிலோ ஆள் தொங்கும்போது அதன் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 200 கிலோ இழுவை விழும். இரண்டு வளையங்களையும் ஒரே புள்ளியில் மாட்டி அகலமாக விரித்தாலும் இதே கணக்குதான்: பட்டைகளுக்கு இடையே 120 டிகிரி வந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு 70 கிலோவைத் தாங்கியாக வேண்டும்.

சாவிக்கொத்துக் கடையில் விற்கும் காரபைனர், மலையேற்றக் காரபைனரைப் போலவே இருக்கும். இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும் என்று பொறித்திருப்பது மலையேற்றக் காரபைனரில்தான். நைலான் பட்டையில் முடிச்சு விழுந்தால் அதன் வலு மூன்றில் ஒரு பங்கு போகும். நைலான்மேல் நைலான் உரசினால் உருகும். ஒற்றை மாட்டுமிடத்தில் பட்டையைச் சுருக்குக்குள் நேராக விட்டு, கைகளை மாற்றி மாற்றி இழுத்தால் அது ரம்பம்போல அறுத்துக்கொண்டே இருக்கும். நடுவே உலோகக் கொக்கி ஒன்று வேண்டும் என்பது இதனால்தான்.

பயன்பாடு

சுமையைக் கூட்டுவதற்கு எடை தேவையில்லை. பாதம் நிற்கும் இடம் போதும். பின்னால் சாய்ந்து இழுக்கும் பயிற்சியில் பாதத்தை மாட்டுமிடத்துக்கு நேர் கீழே கொண்டுபோகக் கொண்டுபோக உடம்பு படுக்கைநிலைக்கு வரும், கைக்குச் சுமை கூடும். முன்னால் சாய்ந்து தண்டால் எடுப்பதற்கும் இதே விதி. வளையத்தில் தண்டால் தரையில் எடுப்பதைவிடக் கடினம்: கைகள் தாமாக விலகி ஓடப் பார்க்கும், அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதிலேயே தோளைச் சுற்றிய சிறு தசைகள் வேலை செய்தாக வேண்டும். முதல் நாள் வளையத்தை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பவருக்குக் கை வெடவெடவென்று நடுங்கும். அது பலவீனமல்ல, மூளை இன்னும் அந்த ஆட்டத்தைக் கற்கவில்லை. சில வாரங்களில் அடங்கும்.

தசைநாண் இவ்வளவு வேகத்தில் தேறாது. அதனால் பழகியவர்கள் வளையத்தை முதலில் இடுப்புயரத்தில் தொங்கவிட்டு, காலைத் தரையில் வைத்து எடையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டுதான் டிப்ஸ், புல்அப்ஸ் என்று போவார்கள். பட்டையை ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் விரலால் ஓட்டிப் பார்ப்பதும் அவர்கள் வழக்கம். மொட்டை மாடியிலேயே விட்ட பட்டை வெயிலில் நிறம் மங்கி, தொட்டால் விறைப்பாக இருக்கும். தையல் ஓரத்தில் நூல் பிசிறும். அந்த நிலைக்கு வந்ததை மூட்டை கட்ட வைத்துக்கொண்டு, தொங்குவதற்குப் புதிதாக வாங்கிவிடுவார்கள்.