பெட்டா மீன் வளர்ப்பு: வீட்டில் தாவரத் தொட்டி அமைப்பது எப்படி? கொல்கத்தா தரும் பாடங்கள்

கொல்கத்தா: வடக்குக் கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியை ஒட்டிய கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் காலையில் செல்லப்பிராணிச் சந்தை கூடுகிறது. பறவைகள், பூச்செடிகள் ஆகியவற்றுடன் வண்ண மீன்களும் நீர்த் தாவரங்களும் அங்கு பெருமளவில் விற்பனையாகின்றன. நீலம், சிவப்பு, வெள்ளை என விசிறிபோல் விரியும் துடுப்புகளைக் கொண்ட பெட்டா மீன்கள், உள்ளங்கை அளவே உள்ள குடுவைகளில் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். குறைந்த விலை, சிறிய உடல், ஈர்க்கும் நிறம் ஆகிய மூன்றும் முதன்முறையாக மீன் வளர்ப்போரை இதன்பால் இழுக்கின்றன.

ஆனால் நல்ல பராமரிப்பில் 2 முதல் 4 ஆண்டுகள் வரை வாழக்கூடிய இந்த மீன், பல வீடுகளில் சில வாரங்களிலேயே இறந்துவிடுகிறது. கடையில் குடுவையில் இருந்த மீன் வீட்டிலும் குடுவையிலேயே வாழும் என்ற தவறான எண்ணமே இதற்கு முதன்மையான காரணம். குளிர்காலக் குளிர், குழாய் நீரில் உள்ள குளோரின், தொட்டியில் சேரும் அம்மோனியா ஆகியவை ஏனைய காரணங்கள். இவை அனைத்தும் தவிர்க்கக்கூடியவை.

கொல்கத்தாவும் வண்ண மீன்களும்

நாட்டின் வண்ண மீன் வணிகத்தில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. ஹௌரா, ஹூக்ளி, வடக்கு மற்றும் தெற்கு 24 பர்கானா மாவட்டங்களின் சிற்றூர்களில் ஏராளமான குடும்பங்கள் சிமென்ட் தொட்டிகளிலும் சிறு குளங்களிலும் வண்ண மீன்களை இனப்பெருக்கம் செய்து விற்கின்றன. வடகிழக்கு மாநிலங்களில் பிடிக்கப்படும் நன்னீர் மீன்களும் இந்நகரின் வழியாகவே பெரும்பாலும் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. தமிழ்நாட்டில் சென்னையின் கொளத்தூர் இதேபோன்ற மையமாக விளங்குகிறது. தமிழகக் கடைகளில் இம்மீன் 'ஃபைட்டர்' என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது.

பெட்டா மீனின் அறிவியல் வரலாற்றிலும் இந்நகரின் பெயர் இடம்பெற்றுள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய டென்மார்க் நாட்டவரான தியோடர் கேன்டர், சயாமில் இருந்து வந்த சண்டை மீனைப் பற்றி 1849-ஆம் ஆண்டு மலாய் மீன்கள் குறித்த தமது பட்டியலில் எழுதினார். அப்பட்டியல் வெளியானது கல்கத்தாவின் வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில். பின்னர் 1910-இல் பிரிட்டிஷ் மீனியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன், இது தனி இனம் என்பதை உணர்ந்து 'பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ்' எனப் பெயரிட்டார்.

மனிதர் இம்மீனை வளர்க்கத் தொடங்கி குறைந்தது 1,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு தெரிவித்தது. தாய்லாந்து அரசு 2019-இல் இதனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. சந்தைகளில் கோடிக்கணக்கில் விற்கப்பட்டாலும், இயற்கை வாழிடத்தில் உள்ள காட்டு வகை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றுள்ளது.

காற்றைச் சுவாசிக்கும் மீன்

பெட்டா மீனுக்குச் செவுள்களுடன் 'லேபிரிந்த்' எனப்படும் துணைச் சுவாச உறுப்பும் உண்டு. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, அதிலுள்ள ஆக்சிஜனை இவ்வுறுப்பின் வழியாகப் பெறுகிறது. வங்காளிகள் விரும்பி உண்ணும் கோய் மீன், அதாவது தமிழில் பனையேறி கெண்டை, வங்கத்தின் குளங்களில் வாழும் கோல்ஷே மீன்கள் ஆகியவையும் இதே உறுப்பைக் கொண்ட உறவினங்களே. பனையேறி கெண்டை மரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி பதிவு செய்தது 1791-இல், தமிழகத்தின் தரங்கம்பாடியில்.

இவ்வுறுப்பு இருப்பதால்தான் பெட்டா மீன் கடைக் குடுவையில் சில நாட்கள் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் காற்றைச் சுவாசிக்கும் திறன் அம்மோனியா நஞ்சிலிருந்து மீனைக் காப்பதில்லை. தாய்லாந்தின் நெல் வயல்களிலும் ஆழமற்ற சதுப்புகளிலும் இம்மீன் வாழும் நீர் குறைந்த ஆழம் உடையதே தவிர, குறைந்த பரப்புடையதன்று. அந்நீர் தாவரங்கள் அடர்ந்தது, வெதுவெதுப்பானது. வீட்டுத் தொட்டியும் அவ்வாறே அமைய வேண்டும்.

தொட்டியும் அடித்தளமும்

ஒரு பெட்டா மீனுக்குக் குறைந்தது 20 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி தேவை. உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டி ஏற்றது. இம்மீன் துள்ளிக் குதிக்கும் இயல்புடையதால் மூடி கட்டாயம். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே 3 அல்லது 4 செ.மீ. இடைவெளி விடப்பட வேண்டும். மீன் விழுங்கும் காற்று அங்கிருந்தே கிடைக்கிறது.

நீளமான துடுப்புகள் வலுவான நீரோட்டத்தைத் தாங்குவதில்லை. எனவே காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதுமானது. கூர்மையான கற்களும் நெகிழிச் செடிகளும் துடுப்புகளைக் கிழிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

தாவரங்களுக்கான அடித்தளத்தை இரு வழிகளில் அமைக்கலாம். கடைகளில் கிடைக்கும் 'அக்வா சாயில்' பயன்படுத்துவது ஒன்று. இவ்வகை மண்ணில் சில முதல் வாரங்களில் அம்மோனியாவை வெளியிடும். சலித்த தோட்ட மண்ணை 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் கழுவிய மணலை 3 செ.மீ. உயரத்துக்கு மூடுவது மற்றொன்று. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட நூலின் மூலம் இம்முறை உலகெங்கும் பரவியது. உரமோ பூச்சிக்கொல்லியோ கலந்த மண்ணைப் பயன்படுத்தக் கூடாது.

எந்தச் செடிகள் ஏற்றவை?

தொடக்க நிலையினருக்கு அதிக ஒளியோ கரியமில வாயு உருளையோ தேவைப்படாத செடிகளே பொருத்தமானவை.

வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா: வங்கத்தின் குளங்களில் இயல்பாக வளர்பவை. விரைந்து வளர்ந்து நீரில் உள்ள கழிவுச் சத்துகளை உறிஞ்சும்.

கிரிப்டோகோரைன்: குறைந்த ஒளியில் வளரும். புதிய தொட்டியில் நட்டதும் இலைகள் கரைந்து உதிர்வது இயல்பு. வேரைப் பிடுங்காமல் விட்டால் சில வாரங்களில் புதிய இலைகள் துளிர்க்கும்.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ்: இவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டி வைக்க வேண்டும். அனுபியாஸின் அகன்ற இலைகளில் பெட்டா மீன் ஓய்வெடுக்கும்.

சால்வினியா போன்ற மிதவைச் செடிகள்: ஒளியைத் தணித்துப் பாசி வளர்ச்சியைக் குறைக்கும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டுவதற்கும் உதவும். மீன் மேலே வந்து சுவாசிக்க ஏதுவாக நீர்ப்பரப்பின் ஒரு பகுதி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரியவிட்டால் போதும். சன்னல் வெயில் நேரடியாகப் படும் இடத்தில் தொட்டியை வைத்தால் நீர் சூடாவதுடன் பாசியும் பெருகும்.

மீனுக்கு முன் பாக்டீரியா

புதிய தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவதுதான் மிகப் பரவலாக நிகழும் தவறு. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறுகின்றன. ஒருவகை பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. மூன்றாவது, அளவு மிகாதவரை தீங்கற்றது. செடிகளுக்கு அது உணவு.

இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மணலிலும் போதிய அளவில் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் அன்றாடம் சிறிதளவு மீன் உணவை இட்டு அம்மோனியா உருவாகச் செய்யலாம். நன்கு இயங்கும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைப் பெற்றுப் பொருத்தினால் காலம் குறையும். பரிசோதனைக் கருவியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று காட்டிய பின்னரே மீன் வாங்க வேண்டும்.

குழாய் நீரும் பருவநிலையும்

கொல்கத்தாவின் பெரும்பகுதிக்கு, பல்தா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்ட ஹூக்ளி ஆற்று நீர் தாலா நீர்த்தேக்கத் தொட்டி வழியாக வருகிறது. குடிநீரில் கலக்கப்படும் குளோரின் மனிதருக்குப் பாதுகாப்பு அளிக்கும். மீனின் செவுள்களையும் தொட்டியின் பாக்டீரியாக்களையும் அழிக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரமைன் சேர்க்கப்பட்ட நீருக்கு இம்முறை பயன்படாது. குளோரின் நீக்கி மருந்து தேவைப்படும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை மிகுந்ததாக இருப்பின் மழைநீரையோ வடிகட்டிய நீரையோ கலந்து பயன்படுத்தலாம். அமில காரக் குறியீடு 6.5 முதல் 7.5 வரை இருப்பது ஏற்றது.

பெட்டா மீனுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை தேவை. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி இது இயல்பாகவே கிடைக்கும். கொல்கத்தாவில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 14 டிகிரி அளவுக்கும் கீழே இறங்கும். அப்போது மீன் அடியில் அசையாமல் கிடக்கும், உணவை மறுக்கும், நோய்த்தொற்றுக்கு எளிதில் ஆளாகும். 20 முதல் 25 லிட்டர் தொட்டிக்கு 25 வாட் ஹீட்டரும் ஒரு வெப்பமானியும் இக்காலத்தில் இன்றியமையாதவை. மாறாகக் கோடையில் 40 டிகிரியை எட்டும் நாட்களில் மூடியைச் சற்றுத் திறந்து வலையிட்டு, நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியின் காற்று படச் செய்யலாம். பனிக்கட்டியை நேரடியாக இடுவது திடீர் வெப்ப மாற்றத்தை ஏற்படுத்தும்.

உணவும் துணையும்

பெட்டா ஊனுண்ணி. புரதம் மிகுந்த சிறு உருண்டை உணவை நாளுக்கு இருவேளை, வேளைக்கு மூன்று நான்கு உருண்டைகள் அளித்தால் போதும். கொசுப்புழு, ரத்தப்புழு ஆகியவற்றை இடையிடையே தரலாம். வாரத்தில் ஒரு நாள் உணவின்றி விடுவது வயிற்று உப்புசத்தைத் தடுக்கும். துர்கா பூஜை விடுமுறையில் நான்கைந்து நாட்கள் வெளியூர் செல்வோர் கவலைகொள்ளத் தேவையில்லை. நலமுள்ள வளர்ந்த மீன் அதைத் தாங்கும். அண்டை வீட்டார் அன்பு மிகுதியால் அள்ளிப் போடும் உணவே நீரைக் கெடுத்து மீனைக் கொல்லும்.

இரு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விடக் கூடாது. ஆணும் பெண்ணும்கூட இனப்பெருக்க வேளையில் மட்டுமே, கண்காணிப்புடன் சேர்க்கப்பட வேண்டும். ஆண் கட்டும் நுரைக்கூட்டில் முட்டைகள் ஒன்றரை நாள் அளவில் பொரிக்கும். அதுவரை அவற்றைக் காப்பது ஆண் மீனே. கேளிக்கைக்காக மீன்களைச் சண்டையிடச் செய்வது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். மனிதர் தவிர்ந்த எல்லா உயிரினங்களையும் அச்சட்டம் விலங்கு என்றே வரையறுக்கிறது.

வாரந்தோறும் நீரில் கால் பங்கை மட்டும், அதே வெப்பநிலையுள்ள புதிய நீரால் மாற்ற வேண்டும். முழுத் தொட்டியையும் கழுவுவது பாக்டீரியாக்களை அழித்துவிடும். ஸ்பாஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவது நல்லது.

துடுப்பு ஓரம் கறுத்து அரிக்கப்படுதல், உடலில் வெண்புள்ளிகள், செதில்கள் விறைத்து நிற்றல் ஆகியவை நோய்க்கான அறிகுறிகள். மருந்தைத் தேடும் முன் நீரைச் சோதிப்பதே முதல் நடவடிக்கை. உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலையைக் கழுவி இடுவது தென்கிழக்கு ஆசியாவில் நெடுங்கால வழக்கம். அதன் டானின் நீரைச் சற்றே அமிலமாக்கிக் கிருமி வளர்ச்சியை ஓரளவு கட்டுப்படுத்தும். எனினும் அது சிகிச்சைக்கு மாற்றாகாது.

குளத்தில் விடக் கூடாது

வளர்ப்பில் சலிப்புற்றோர் மீனையும் செடியையும் அருகிலுள்ள குளத்தில் விடுவதுண்டு. இதன் விளைவை வங்கம் நன்கறியும். அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட நீர்ப்பதுமம் எனும் வெங்காயத் தாமரை நீர்வழிகளை அடைத்ததால், அதனைக் கட்டுப்படுத்த 1936-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க 'சக்கர்' மீன், இன்று கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தின் மீன்பண்ணைகளில் பரவி, கெண்டை வளர்ப்போரின் வருவாயைப் பாதிக்கிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்பு நிலம், 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகரின் கழிவுநீரையே மீன் வளமாக மாற்றுவது அதன் சிறப்பு.

வளர்க்க இயலாத மீனைக் கடைக்கோ, வேறொரு வளர்ப்பாளருக்கோ தந்துவிட வேண்டும். வெட்டிய செடிகளைக் கால்வாயில் எறியாமல் வெயிலில் உலர்த்தி எருவாக்கலாம். தொட்டி முதலில், செடி அடுத்து, ஒரு மாதப் பொறுமை, அதன் பின்னரே மீன் என்ற வரிசையைக் கடைப்பிடித்தால், ஞாயிறு சந்தையில் வாங்கிய பெட்டா தன் முழு வாழ்நாளையும் வீட்டில் கழிக்கும்.