மெரினாவில் இருந்த மீன் வீடு

எங்கள் நியூ டவுன் ஃப்ளாட்டில் ஒரு மூன்றடி மீன்தொட்டி உண்டு. ஞாயிறு காலையில் காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போய் அதற்கு மீன் வாங்கி வருவது என் வழக்கம். ("இந்த ஊரே மீனைச் சாப்பிட வாங்குது, நீங்க ஒருத்தர்தான் சோறு போட வாங்கறீங்க" என்பது தங்கமணியின் வாராந்திர விமர்சனம்.)

போன லீவில் சென்னை போனபோது, ஈ.சி.ஆர். ரோட்டில் 2019-ல் திறந்த வி.ஜி.பி. மரைன் கிங்டமுக்குப் பையனை அழைத்துப் போனேன். கண்ணாடிக் குகைக்குள் நாம் நடக்க, தலைக்கு மேலே திருக்கை நீந்துகிறது. எனக்கு நகரவே மனசில்லை. "அப்பா, மெட்ராஸ்ல இதுக்கு முன்னாடி அக்வேரியமே கிடையாதா?" என்றான் பையன். கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தாத்தா ஞாபகம் வந்தது.

தாத்தா திருவல்லிக்கேணிக்காரர். எட்டு வயசில் மெரினா மணலில் ஒரு கட்டடத்துக்குள் போனதாகவும், கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு கடல் பாம்பு பார்த்ததாகவும் அடிக்கடி சொல்வார். "அங்கே எங்கேப்பா கட்டடம்? ஒரு செங்கல்லாவது இருக்கா?" என்பார் என் அப்பா. நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

தாத்தா சொன்னது நிஜம். இந்தியாவின் முதல் பொது மீன்காட்சியகமே அதுதான். 1909 அக்டோபரில் மெரினாவில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் உலகின் முதல் மீன்காட்சியகம் 1853-ல் வந்தது. அதற்கு 56 வருஷம் கழித்து நம்முடையது. மும்பையின் பெயர்பெற்ற தாராபோர்வாலா 1951-ல்தான் வந்தது.

இதை உருவாக்கியவர் எட்கர் தர்ஸ்டன். 1885-ல் எழும்பூர் மியூசியத்துக்குத் தலைமை ஏற்றவர். தென்னிந்திய சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதியவர் என்றால் பலருக்குத் தெரியும். அவையும் அதே 1909-ல் வந்தவைதான். ஆனால் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்களைப் பற்றி அவர் 1890-லேயே எழுதியிருக்கிறார். அந்த ஆசாமியை எனக்கு அதிகம் பிடிக்கிறது. சாதிக் கணக்கு எடுத்ததைவிட மீன் கணக்கு எடுத்தது எவ்வளவோ மேல்!

அந்தக் கால மதராஸில் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். செத்த காலேஜ்காரர் கடற்கரையில் உயிருள்ள மீன்களைக் காட்டக் கிளம்பியது வேடிக்கைதான். 1919-ல் அது மீன்வளத் துறையின் கைக்குப் போனது.

பிறகு யுத்தம். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டதும், அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே காலியானது. கூண்டு உடைந்து தப்பிவிடக்கூடாது என்று உயிர் காலேஜின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மீன் வீட்டையும் அந்த வருஷமே மூடினார்கள். மீன்களை என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தால், தொட்டி வைத்திருப்பவனுக்கு வயிற்றைப் பிசைகிறது. பத்தடி தள்ளிக் கடல் இருந்தது, அதிலேயே விட்டிருப்பார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்தது, போன சனம் திரும்பி வந்தது. மீன் வீடு மட்டும் வரவில்லை. எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால், வசூலிக்க யாருமே வராமல் தள்ளுபடியான கணக்கு.

கல்கத்தா திரும்பியதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். வருஷம், பெயர் எல்லாம் சொன்னேன். அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்தக் கடல் பாம்பு... அது என்ன கலர்னு சொன்னார், உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை.